பெட்டியில் கிடக்கும் சின்னச் சட்டைகள்

உத்தியோக நிமித்தம் மாநிலம் விட்டு மாநிலம் மாறி வாழும் நம்மவர் இல்லங்களில், ஒவ்வொரு மாற்றலின்போதும் திறந்து பார்க்கப்பெற்று, ஒன்றும் எடுக்கப்படாமலே மறுபடியும் மூடப்பெறும் பெட்டி ஒன்று உண்டு. அதனுள் என்ன இருக்கிறது என்று குடும்பத் தலைவரைக் கேட்டால், பழந்துணி என்பார். தலைவியைக் கேட்டால், குழந்தையின் சட்டைகள் என்பார். இருவர் கூறுவதும் உண்மையே. அச்சட்டைகளை அணிந்த குழந்தை இன்று மீசை அரும்பிய இளைஞனாகியிருக்கலாம். ஆனால் அவனுடைய முதல் குல்லாயும், முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டையும், பால் கறை படிந்த ஜிப்பாவும் தில்லியிலிருந்து நாகபுரிக்கும், நாகபுரியிலிருந்து கொல்கத்தாவுக்கும் லாரியில் பிரயாணம் செய்துகொண்டே இருக்கின்றன.

இப்பெட்டியைப் பற்றி வீட்டில் இரண்டு கட்சிகள் ஏற்படுவது வழக்கம். இடத்தை அடைக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்பது ஒரு கட்சி. இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது மற்றொரு கட்சி. சொந்த ஊரில் பாட்டனார் கட்டிய வீடும், அதில் ஒரு பரணும் இருந்தால் எந்தத் துணியைப் பற்றியும் எவரும் முடிவு செய்ய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பரண் ஏற்றுக்கொள்ளும். இரண்டு அறை கொண்ட குடியிருப்பில் வாழும் நமக்குப் பரண் இல்லை. ஆகவே முடிவு செய்யும் பொறுப்பு நம்மையே சேர்கிறது. இவ்விரு கட்சிகளுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அத்துணிகளை வெட்டி இணைத்து, நித்திய உபயோகத்துக்குரிய ஒரு பொருளாகத் தைத்துக்கொள்வதே அது. கத்தரிக்கோல் பட்ட சட்டை திரும்பவும் சட்டையாகாது என்பதனால், இதில் இறங்குமுன் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம்.

முதலில் பெட்டியின் சங்கதியைப் பார்ப்போம். பெட்டிக்குள் வைத்த துணி பத்திரமாக இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். துணியோ அங்கேயும் முதுமை அடைந்துகொண்டுதான் இருக்கிறது. துவைத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சி நிற்கும் பாலும் எண்ணெய்ப் பசையும் காற்றுப் பட்டு, நாளடைவில் மஞ்சள் கறையாக வெளிப்படும். கஞ்சி போட்ட பருத்தித் துணியை இராமபாணப் பூச்சி நாடி வரும். பட்டையும் கம்பளியையும் அந்துப் பூச்சியின் புழுக்கள் அரிக்கும். சரிகை கறுத்துப் போகும். பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கட்டினால் உள்ளே அடைபட்ட ஈரம் பூசணமாக மாறும். மடிப்பு ஒரே இடத்தில் பல்லாண்டு கிடந்தால் அந்த மடிப்பிலேயே துணி இற்றுப் பிளக்கும். சுருங்கச் சொன்னால், தொடாமல் வைப்பதும் துணியைச் செலவழிக்கும் ஒரு முறையே.

பாச்சை உருண்டையைப் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். மூத்த குழந்தையின் துணிகளை நாப்தலீன் உருண்டைகளுடன் கட்டி வைத்து, அடுத்த குழந்தை பிறந்ததும் எடுத்து உடுத்துவது பல வீடுகளில் நடப்பது. ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகள் சிலர் இருக்கின்றனர். நாப்தலீன் ஆவி ஏறிய துணி அத்தகைய சிசுவின் மேனியில் பட்டால், இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை உண்டாகக்கூடும். நம் நாட்டின் பல பகுதிகளில் இக்குறைபாடு காணப்படுகிறது. வெளிப் பார்வைக்குக் குழந்தையிடம் எந்த அடையாளமும் தெரியாது. ஆகவே சிசுவின் துணிக்கு அவ்வுருண்டையே வேண்டாம். கஞ்சியில்லாமல் துவைத்து, நன்கு வெயிலில் உலர்த்தி, பழைய வெள்ளை மல் துணியில் சுற்றி வைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை எடுத்துக் காற்றாட விட்டால் போதும்.

இனி, தைக்கும் கலையைப் பார்ப்போம். இதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நாம் குடிபுகுந்த ஊர்களிலேயே அது நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது. வங்காளத்தின் 'காந்தா' என்னும் தையல் போர்வைக்குக் கிழிந்த புடவையும் வேட்டியுமே மூலப்பொருள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, எல்லா அடுக்குகளையும் ஊடுருவிச் செல்லும் ஓட்டுத்தையலால் இணைத்துவிடுகிறார்கள். அதற்கு வேண்டிய வண்ண நூலையும் முற்காலத்தில் பழம் புடவையின் கரையிலிருந்தே உருவி எடுத்தார்கள். குளிருக்குப் போர்த்துவது, நூல்களைச் சுற்றி வைப்பது, கண்ணாடியையும் சீப்பையும் சுற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காந்தாவும் தனித்தனிப் பெயரும் உண்டு. பிறக்கப்போகும் குழந்தைக்கென்று சின்னஞ்சிறு காந்தாக்களைத் தைத்து வைப்பதும் வங்காளக் குடும்பங்களின் வழக்கம்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. 'கந்தா' என்ற வடசொல் ஒட்டுப்போட்ட பழந்துணியைக் குறிக்கும். வங்காளியின் காந்தாவும் நம்முடைய கந்தையும் அந்த ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் அச்சொல்லை வறுமையின் அடையாளமாக நிறுத்திக்கொண்டோம். அவர்களோ அதைக் கலையின் பெயராக்கிவிட்டார்கள்.

காந்தாவில் எழுத்தையும் தைப்பதுண்டு. வங்க நாட்டுப்புறக் கலைப் பொருள்களை அரிதின் முயன்று திரட்டியவர் குருசதய் தத் (1882–1941) என்னும் அரசாங்க அதிகாரி. அவருடைய தொகுப்பில், 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண்மணி தம் தந்தைக்காகத் தைத்துத் தம் பெயரையும் ஊசியால் எழுதிய காந்தா ஒன்று இருக்கிறது. 1929இல் வெளிவந்த ஜசிமுத்தீனின் 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் வங்கக் கதைப் பாடலில், கணவனைப் பிரிந்த பெண் தன் வாழ்வையே ஒரு காந்தாவில் தைத்து, தன் கல்லறைமேல் அதை விரிக்கும்படி கேட்டுக்கொள்கிறாள்.

பீகாரில் இதே வேலைக்குச் 'சுஜனி' என்று பெயர். பழம் புடவைத் துண்டுகளை இணைத்துப் பிறந்த குழந்தைக்கு மெத்தென்ற விரிப்பாகத் தைப்பதே அதன் ஆதி நோக்கம். கந்தல்களுக்கு அதிதேவதையாக 'சிதிரியா மா' என்ற தாய்த் தெய்வத்தையே அங்கு வணங்கினார்கள். மராட்டியத்தில் 'கோதடி' இல்லாத பழைய வீடு அரிது. கர்நாடகத்தில் 'கவுதி' உண்டு. அம்மாநிலத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தி மக்கள் தைக்கும் ஒட்டுப் போர்வையின் நான்கு மூலைகளிலும் 'பூ' என்று பெயரிட்ட முக்கோணத் துண்டுகளைச் சேர்ப்பார்கள். அந்தப் பூ இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு ஆடையற்று நிற்பதுபோலத் தோன்றுமாம்.

தமிழ்நாட்டில் இப்படித் தைத்த போர்வை பெருவழக்காக இல்லாததற்குக் குளிரின்மையே காரணமாக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் இதன் அடிப்படைக் கருத்து நமக்குப் புதிதன்று. பிறந்த சிசுவைப் புதுத்துணியில் வாங்காமல், பாட்டனாரின் துவைத்துத் துவைத்து மென்மையான வேட்டியில் வாங்குவது நம்முடைய பல இல்லங்களில் உள்ள வழக்கம். தாயின் நூல் புடவையே தூளியாகத் தொங்கியது. பழந்துணியின் பதம் புதுத்துணிக்கு வராது என்பதை நம் பாட்டிமாரும் அறிந்திருந்தனர்.

தில்லிக் குடியிருப்பில் நமக்கு அடுத்த வீட்டில் வசித்த வங்காள அன்பரின் தாயார், குளிர்காலப் பிற்பகல்களில் வெயிலில் பாய் விரித்துக் காந்தா தைப்பார். அவரிடம் கற்றுக்கொள்ளும் ஆவலில் நம் வீட்டார் கடையிலிருந்து நல்ல பருத்தித் துணி மூன்று கஜம் வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மூதாட்டி அதைத் தடவிப் பார்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதை முதலில் யாராவது பத்து வருஷம் உடுத்தட்டும் அம்மா" என்றாராம்.

அச்சொல்லில் நாம் கடைப்பிடிக்க வேண்டிய ஒரு நியதியும் அடங்கியிருக்கிறது. இன்னொரு குழந்தை உடுத்தக்கூடிய சட்டையை வெட்டலாகாது. ஞாபகார்த்தம் என்ற பெயரால் நல்ல சட்டைகளைச் சதுரம் சதுரமாக நறுக்கும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. அது நமக்கு உடன்பாடன்று. கிழியாத சட்டையும் கம்பளிக் காலுறையும், வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரின் பேரனுக்கோ, நடைபாதையில் தை மாதக் குளிரைக் கழிக்கும் ஒரு குழந்தைக்கோ போகட்டும். கறை போகாதது, முழங்கால் தேய்ந்தது, காஜா பிய்ந்தது, சாயம் வெளுத்தது ஆகியவையே கத்தரிக்கோலுக்கு உரியவை. யோசித்துப் பார்த்தால், குழந்தை மிகவும் விரும்பி உடுத்திய சட்டைதானே முதலில் தேய்ந்திருக்கும்? ஆகவே ஞாபகத்துக்கும் இதனால் நஷ்டம் இல்லை. எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும், முதற்சட்டையோ குல்லாயோ, வெட்டாமல் முழுதாக வைத்துக்கொள்ளலாம். அடுத்த குழந்தைக்கு இடம் உண்டு என்று எண்ணும் இல்லத்தார் இவ்வேலையைத் தள்ளிப் போடுவதே முறை.

சில இல்லங்களில் அப்பெட்டி வேறு காரணத்தால் மூடியிருக்கும். சட்டை இருக்கும்; அணிந்த குழந்தை இராது. அங்கே உற்றாரும் அண்டை வீட்டாரும் யோசனை ஒன்றும் சொல்லாதிருப்பதே மரியாதை. எடுத்து மறைத்துவிடுவதும், தானம் செய்துவிடு என்று வற்புறுத்துவதும், போர்வையாகத் தைத்துத் தருகிறோம் என்று முன்வருவதும் தாயின் அனுமதியின்றிச் செய்யத் தக்கவை அல்ல. ஓராண்டோ பத்தாண்டோ கழித்து அவரே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

தைக்கத் துணிந்தவர்களுக்கு வேலையின் முறையைக் கூறுவோம். எளிதில் முடியக்கூடியது ஒரு கஜச் சதுர விரிப்பு. 6½ அங்குலப் பக்கம் கொண்ட சதுர அட்டை ஒன்றை வெட்டி அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போக, தைத்த பின் 6 அங்குலம் நிற்கும். வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை தைத்தால் 36 அங்குலம், அதாவது ஒரு கஜம். இதற்கு 36 சதுரங்கள் வேண்டும். ஆறு மாதக் குழந்தையின் சட்டையில் முதுகுப் பாகத்தில் ஒரு சதுரந்தான் கிடைக்கும். இரண்டு வயதுக் கவுனின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று தேறலாம். அத்தனை சட்டை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 18 சதுரங்களைக் குழந்தையின் துணியிலிருந்தும், மற்ற 18 சதுரங்களைப் பாட்டனாரின் பழைய வேட்டியிலிருந்தும் எடுத்துச் சதுரங்கப் பலகைபோல மாற்றி மாற்றி இணைத்தால் கண்ணுக்கும் அமைதியாக இருக்கும். சதுரத்துக்குப் போதாத மிகச் சிறிய துணிகளை, ஓரம் மடித்து வேட்டிச் சதுரத்தின்மேல் வைத்து எம்மிங் செய்துவிடலாம். பையோ, பொத்தான் பட்டியோ, பூ வேலையோ உள்ள இடத்தை வீணாக்காமல், அது சதுரத்தின் நடுவே வரும்படி வெட்டுவது நல்லது.

வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துணியையும் வெந்நீரில் நனைத்து உலர்த்திவிட வேண்டும்; சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். சிவப்பு, கருநீலத் துணிகளை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் அவற்றை விலக்கிவிடுக. பனியன் துணி இழுத்தால் நீளும். ஆகவே அதன் பின்புறம் மெல்லிய மல் துணியை வைத்துச் சுற்றிலும் ஓட்டுத்தையல் போட்ட பிறகே வெட்டலாம். சதுரங்களை இணைக்கத் தையல் இயந்திரத்தைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

மேற்புறம் தயாரானதும், தூளி கட்டிய நூல் புடவையில் 40 அங்குலச் சதுரம் வெட்டித் தரையில் விரித்து, அதன்மேல் இன்னொரு பழைய வேட்டித் துண்டும், அதற்கும் மேல் இணைத்த சதுரங்களும் வருமாறு அடுக்க வேண்டும். பஞ்சு வேண்டியதில்லை. சுருக்கம் நீவி, பெரிய பெரிய ஓட்டுத்தையலால் மூன்றையும் தற்காலிகமாகப் பிணைத்துக்கொண்டு, நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கித் தைத்துச் செல்க. ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவே துணி மண்டிக்கொள்ளும். எம்பிராய்டரி நூலின் ஆறு இழைகளில் இரண்டு இழை எடுத்தால் போதும். வரிசைக்கு வரிசை அரை அங்குல இடைவெளி இருக்கலாம். கடைசியில், நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் மிஞ்சி நிற்கும் புடவையை முன்பக்கம் மடித்து எம்மிங் செய்தால் அதுவே கரையாகிவிடும். மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குபவருக்கு இரண்டொரு மாதத்து வேலை. ஓராண்டு நிரம்பாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வையும் தலையணையும் கூடாது என்பது இன்றைய மருத்துவர் கருத்து. அவ்வயதுக் குழந்தை விழித்து விளையாடுகையில் கீழே விரிக்க இது உதவும். பொத்தான்கள் இருந்தால், சிறு குழந்தையின் கைக்கு எட்டுமுன் பிரித்து எடுத்துவிட வேண்டும்.

மானதாசுந்தரியைப் போல ஒரு மூலையில் எழுத்தும் தைக்கலாம். குழந்தையின் பெயர், பிறந்த ஆண்டு, அப்போது நாம் இருந்த ஊர் ஆகியவை போதும். அதைத் தமிழ் எழுத்தில் தைக்க வேண்டும் என்பது நம் விருப்பம். இந்தியிலும் ஆங்கிலத்திலும் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசும் நம் குழந்தைகளுள் பலர், தம் பெயரைத் தமிழில் எழுதிக் கண்டது தாத்தாவின் கடிதத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டுந்தான். பென்சிலால் எழுதிக்கொண்டு அதன்மேல் கெட்டித்தையல் போட்டால் 'ழ'வின் வளைவும் 'ண'வின் சுழியும் சரியாக வரும். ஓர் எழுத்தையாவது குழந்தையே தைக்கட்டும். கோணலாக இருந்தால் பிரிக்க வேண்டாம்.

அதே துணிகளில் மிஞ்சியதைக் கொண்டு தலையணை உறை ஒன்று தைத்து ஊருக்கு அனுப்புவதையும் நினைவில் வைக்கலாம். பேரக் குழந்தை தவழ்ந்ததையும் நடந்ததையும் செல்பேசித் திரையில் பார்த்த பாட்டிக்கு, அக்குழந்தையின் சட்டையைத் துவைத்து உலர்த்தும் வாய்ப்புக் கிட்டவில்லை. இவ்வுறையில் நான்கு சதுரம் இருந்தால் போதும்.

கம்பளிக்கு வேறு வழி. அதை வெட்டினால் பிரிந்துவிடும். ஆகவே பிரித்தே எடுப்பது உத்தமம். வடநாட்டுப் பெண்மணிகள் சிறுத்துப்போன ஸ்வெட்டரைத் தையலில் பிரித்து, நூலை முழங்காலில் சுற்றிச் சிட்டமாக்கி, வெதுவெதுப்பான நீரில் அலசி, அடியில் ஒரு சிறு கனத்தைத் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். நெளிவு நீங்கிய அந்நூலால் மறுபடியும் பின்னுவார்கள். மூத்தவனின் ஸ்வெட்டர் இளையவளின் குல்லாயாகி, பிறகு அப்பாவின் கழுத்துப் பட்டையில் இரண்டு வரியாக முடியும். நம்மவருள் பலர் குளிரூருக்கு வந்தபின் ஊசி பிடிக்கக் கற்றவர்கள். அவர்களுக்கு இது சிரமமன்று.

பட்டு மட்டும் எஞ்சுகிறது. ஆண்டு நிறைவுக்கு வாங்கிய பாவாடையும் சட்டையும் தினம் விரிக்கும் விரிப்பில் சேர்ந்தால், அடிக்கடி துவைப்பதைத் தாங்கா. அவற்றுக்கு ஏற்ற இடம் கொலுப் படி. மரப்பாச்சிகளுக்குத் துணி உடுத்தி அலங்கரிப்பது நவராத்திரியில் சிறுமியரின் உரிமையல்லவா? குழந்தையின் பட்டுப் பாவாடையில் சரிகைக் கரை கீழே வருமாறு, பொம்மையின் இடுப்பிலிருந்து பாதம் வரை அளந்து, அதற்கு மேல் ஓர் அங்குலம் கூட்டி வெட்டிக்கொள்க. அகலம் இடுப்புச் சுற்றளவைப்போல் இருமடங்கு இருந்தால் கொசுவம் அழகாக விழும். மேல் ஓரத்தை நாடா நுழையும்படி மடித்துத் தைத்துவிட்டால், விஜயதசமிக்கு மறுநாள் கழற்றிக் காற்றாட விட்டு, மல் துணியில் சுற்றி அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கலாம். மரப்பாச்சி ஜோடியாக இருப்பதனால், சட்டைத் துணியில் ஆண் பொம்மைக்கு ஓர் அங்கவஸ்திரமும் தேறும்.